நெருக்கடியான வீடுகளும் நகராட்சியின் கடமையும்

வீட்டுப் பற்றாக்குறை என்றதும் நடைபாதையில் உறங்குவோர்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். கணக்கோ வேறு விதமாகச் சொல்கிறது. மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, 2012-ஆம் ஆண்டில் இந்திய நகரங்களின் பற்றாக்குறையை 1 கோடியே 87.8 லட்சம் வீடுகள் என்று மதிப்பிட்டது. இதில் வீடே இல்லாத குடும்பங்கள் 5.3 லட்சம்தான். ஏறத்தாழ 1.5 கோடிக் குடும்பங்கள், மணமான தம்பதிக்குத் தனி அறை இல்லாத இடநெருக்கடியில் வாழ்பவை. ஐந்தில் நான்கு பங்கு!

தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி, ஒரே அறை உள்ள வீட்டில் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்கு (சுமார் 102 சதுர அடி) குறையக் கூடாது. வரைபடத்தில் அறையின் அளவு தெரியும். பிற்பாடு அதில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பது தெரியாது. நெருக்கடி நம் கண்ணில் படாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, வீடு கட்டுவது யார் பொறுப்பு?

இங்கிலாந்தில் 1890-ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளாட்சிகள் தொழிலாளர்களுக்கு வீடு 'கட்டலாம்' என்றது. முதல் உலகப் போருக்குப் பின் வந்த 1919-ஆம் ஆண்டுச் சட்டம், தேவையைக் கணக்கிட்டுக் 'கட்ட வேண்டும்' என்றது. அரசு மானியமும் அளித்தது. 'லாம்' என்பது 'வேண்டும்' ஆனதும் லட்சக்கணக்கான வீடுகள் எழுந்தன.

நம் ஹைதராபாத்தும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. 1908 செப்டம்பர் 28-இல் மூசி நதி பெருக்கெடுத்து, சுமார் 15,000 பேரைப் பலிகொண்டது. 1911-இல் பிளேக் நோய் வந்தது. நெருக்கமான குடியிருப்புகளே நோயின் வழி என்று உணர்ந்த நிஜாம் அரசு, 1912-இல் நகர மேம்பாட்டு வாரியத்தை அமைத்தது. அது சேரிகளை அகற்றியதோடு நிற்காமல், மல்லேபள்ளி போன்ற இடங்களில் வீடுகளையும் கட்டியது. 1960-இல் அந்த வாரியம் ஆந்திரப் பிரதேச வீட்டு வசதி வாரியத்தோடு இணைந்தது. நகரத்துக்கென்றே இருந்த பொறுப்பு மாநிலத்தின் பொறுப்பாயிற்று.

1993-இல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளுக்கு அளிக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியலிட்டது. சேரி மேம்பாடு அதில் உண்டு. 'வீட்டு வசதி' என்ற சொல் இல்லை. இங்கே இன்னும் 'லாம்'தான்.

எனினும் முயன்றால் முடியும். ஹைதராபாத் பெருநகர மாநகராட்சி, மாநில அரசின் இரட்டைப் படுக்கையறைத் திட்டத்தில் கொல்லூரில் கட்டிய 15,660 வீடுகள் 2023-இல் திறக்கப்பட்டன. ஆனால் அவ்விடம் வெளிவட்டச் சாலையருகே, நகரின் ஓரத்தில் உள்ளது. அபிட்ஸிலோ சிக்கட்பள்ளியிலோ வீட்டு வேலை செய்யும் பெண், பேருந்துக்கே பாதிக் கூலியைக் கொடுத்தால் அந்த வீடு அவருக்குத் தங்குமா? ரயில்வேயில் பணிமனைக்கு அருகிலேயே லாலாகுடா போன்ற குடியிருப்புகளை அமைத்தார்கள். தொழிலாளி நேரத்துக்கு வந்தால்தான் வண்டி ஓடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நகரமும் அப்படித்தான் ஓடுகிறது.

பிழைக்க வந்த நம்மில் பலர் வாடகைக் குடித்தனக்காரர்கள். ஆகவே, ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளர்களிடம் சாலை, சாக்கடையோடு நிறுத்திவிடாமல் மூன்று கேள்விகளையும் கேட்போம்: நம் வார்டில் நெருக்கடியில் வாழும் குடும்பங்கள் எத்தனை? அவர்களுக்கு எங்கே, எத்தனை வீடுகள் கட்டப்படும்? அங்கிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் போக வழி என்ன? கேட்பவர் பெருகினால் 'லாம்' ஒரு நாள் 'வேண்டும்' ஆகும்.