சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை

கார் என்றதும் எல்லோரும் எஞ்சினைப் பற்றியே பேசுகிறோம். அதன் திறன் என்ன, ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்கிறோம். சக்கரம் காரோடு எவ்வாறு பிணைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்பவர் மிகச் சிலரே. ஐதராபாத்திலிருந்து சென்னைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். பொங்கல் விடுமுறைக்கு நால்வராகச் சேர்ந்து பழைய காரில் ஊருக்குப் புறப்படும் நண்பர்கள் நம் சங்கத்திலே உண்டு. அவர்களுக்குப் பயன்படும் என்று கருதியே, ‘கன்ட்ரோல் ஆர்ம்’ என்னும் உறுப்பைப் பற்றி எழுத முற்பட்டேன். ஒர்க்‌ஷாப்புகளில் இதனை ‘லோயர் ஆர்ம்’ என்பார்கள். நாம் ‘கை’ என்றே வைத்துக்கொள்வோம்.

கையின் வேலை

தடையின்றி இருக்கும் ஒரு திடப்பொருளுக்கு ஆறு வகை இயக்கங்கள் உண்டு என்பதைப் பௌதிகம் பயில்வோர் அறிவர். முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் என நகர்ச்சி மூன்று. அம்மூன்று அச்சுகளைப் பற்றிய சுழற்சி மூன்று. சக்கரத்தைத் தாங்கி நிற்கும் ‘நக்கிள்’ என்னும் இரும்புத் துண்டுக்கு இவற்றுள் ஒன்றுதான் வேண்டும். அது மேடுபள்ளத்திற்கு ஏற்ப மேலும் கீழும் அசைவது. எஞ்சிய ஐந்தையும் கட்டுப்படுத்தியாக வேண்டும். சுருள்வில் சுமையைத் தாங்குகிறது. ஷாக் அப்சார்பர் துள்ளலை அடக்குகிறது. ஆனால் சக்கரம் எவ்வழியே ஏறி இறங்க வேண்டும் என்று விதிப்பது கைதான்.

கை பெரும்பாலும் கவட்டை போல இரு கிளைகளாகப் பிரிந்திருக்கும். கிளைகளின் நுனிகள் இரண்டும் ரப்பர் புஷ்களின் வழியாகக் காரின் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும். கவட்டையின் மறுமுனையில் பால் ஜாயின்ட் என்னும் குமிழ்மூட்டு இருக்கும். நம் இடுப்பு மூட்டைப் போல அது எப்பக்கமும் திரும்பும். ஆயின் கழன்று வராது.

பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களில் முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை என இரண்டு இருந்தன. ஒரு கை இரண்டு இயக்கங்களைத் தடுக்கும். இரு கைகள் நான்கைத் தடுக்கும். ஐந்தாவதை ஸ்டியரிங்கின் டை ராடு பார்த்துக்கொள்ளும். கணக்குச் சரியாகிவிட்டது அன்றோ?

அமெரிக்கப் பொறியியலாளர் ஏர்ல் மக்ஃபர்ஸன் இதனை எளிமையாக்கினார். ஷாக் அப்சார்பரையே நீண்ட தூணாக்கி, அதன் தலையைக் காரின் உடலிலே பொருத்தி, மேற்கையை நீக்கிவிட்டார். இங்கிலாந்தின் ஃபோர்டு நிறுவனம் 1950-இல் அறிமுகப்படுத்திய கான்ஸல், ஸெஃபர் கார்களில் இவ்வமைப்பு இடம்பெற்றது. 1983-இல் நம் நாட்டில் வெளிவந்த மாருதி 800 காரிலும் முன்புறம் இத்தகைய தூணே இருந்தது. இன்று நாம் ஓட்டும் சிறிய கார்களில் பெரும்பாலானவை இவ்வகையே. ஆகவே, எஞ்சியிருக்கும் கீழ்க்கையின் பொறுப்பு மிகுந்துவிட்டது.

ஒரு சிறு கணக்கு

ஆட்களோடு 1000 கிலோகிராம் எடையுள்ள காரைப் பலமாகப் பிரேக் பிடித்து நிறுத்துவதாகக் கொள்வோம். தரையில் எழும் தடைவிசை 800 கிலோகிராம் எடைக்குச் சமம் என்றும், அதில் 70 விழுக்காடு முன்சக்கரங்களில் விழுகிறது என்றும் வைத்துக்கொண்டால், ஒரு முன்சக்கரத்தின் பங்கு 280 ஆகும். தூணின் தலை தரையிலிருந்து 75 சென்டிமீட்டரிலும், குமிழ்மூட்டு 15 சென்டிமீட்டரிலும் இருக்கட்டும். நெம்புகோல் விதிப்படி மூட்டின்மேல் விழும் விசை 280-ஐ 75-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 350. கட்டைவிரல் பருமனுள்ள ஒரு தண்டு, ஒவ்வொரு முறையும் ஐந்தாறு ஆட்களின் எடைக்கு ஈடான இழுப்பைத் தாங்குகிறது!

தேய்வன எவை?

கையின் இரும்பு எளிதில் தேய்வதில்லை. தேய்வன ரப்பரும் மூட்டுமே. மூட்டைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கிழிந்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறும். மண்ணும் நீரும் உட்புகும். குமிழ் ஆடத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் ஒருநாள் குமிழ் கிண்ணத்தினின்றும் கழன்றுவிடும். அப்பொழுது சக்கரம் பக்கவாட்டில் சாய, ஸ்டியரிங் பயனற்றுப்போகும்.

புஷ் கெட்டதன் அடையாளங்கள் வேறு: வேகத்தடையில் ஏறும்போது ‘டக்’கென்ற ஓசை, பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுத்தல், டயரின் ஓரம் மட்டும் தேய்தல். நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு மும்முறை வீல் அலைன்மென்ட் செய்தார். இரண்டு டயர்களும் வாங்கினார். கார் இழுப்பது நிற்கவில்லை. நான் கீழே படுத்துப் பார்த்தபோது, வலக்கையின் பின் புஷ்ஷில் ரப்பர் பாதிக்குமேல் கிழிந்திருந்தது. ஆடும் கையில் எவ்வளவு நுட்பமாக அளந்து திருத்தினாலும் அது நிலைக்குமா?

சோதிக்கும் முறை

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்குக. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் செல்லலாகாது. ஸ்டாண்டு வைத்தல் இன்றியமையாதது. சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் புறமும் அசைத்துப் பார்க்க. ஆட்டம் தெரிந்தால் மற்றொருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்க. ஆட்டம் மறைந்தால் குற்றம் சக்கர பேரிங்கில் இருக்கலாம். மறையாவிடில் மூட்டையோ புஷ்ஷையோ ஐயுறுக. பிறகு கடப்பாரை போன்ற நெம்பியால் கையை மெல்ல நெம்பி, ரப்பரில் வெடிப்பு உண்டா என நோக்குக. தூண் வகைக்கு இம்முறை போதும். சுருள்வில் கீழ்க்கையின்மேல் அமர்ந்திருக்கும் வகையில், கையின் அடியிலேயே தாங்கல் கொடுத்தால்தான் மூட்டின் ஆட்டம் புலப்படும்.

மாற்றும்போது

புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கிறது. கை அசையும்போது அது வழுக்குவதில்லை, முறுக்கேறித் தளர்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? 32 சென்டிமீட்டர் நீளமுள்ள கை 8 சென்டிமீட்டர் தாழ்ந்து தொங்கினால் அதன் சாய்வு ஏறத்தாழ 14 பாகை. காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர் அந்த 14 பாகை முறுக்கிலேயே எந்நேரமும் நிற்கும். புதிய புஷ்ஷும் விரைவில் கிழியும். எனவே சக்கரங்கள் சுமை தாங்கி நிற்கும் நிலையிலேயே இறுதி முறுக்குத் தரவேண்டும். மெக்கானிக்கிடம் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற்செய்தி இதுவே.

கீச்சொலி கேட்கிறதென்று புஷ்ஷில் எஞ்சின் ஆயில் விடுவது தவறு. பெட்ரோலிய எண்ணெயில் இயற்கை ரப்பர் ஊறி உப்பி வலுவிழக்கும். வளைந்த கையைக் காய்ச்சி அடித்து நிமிர்த்துவதும், வெடித்த இடத்தில் வெல்டிங் வைப்பதும் அதனினும் தவறு. சூட்டினால் எஃகின் தன்மை மாறிவிடும். உள்ளே நுண்ணிய வெடிப்பும் இருக்கலாம். அத்தகைய கையை மாற்றிவிடுவதே முறை. பழைய காட்டர் பின்னை மறுபடி செருகாமல் புதியது இடுக. வேலை முடிந்தபின் அலைன்மென்ட் பார்க்க.

எஞ்சின் கெட்டால் கார் வழியில் நிற்கும், நாம் இறங்கிக்கொள்ளலாம். கை விட்டுவிட்டாலோ, ஓடும்போதே கார் நம் வசமிழக்கும். ஆதலின் நண்பர்களே, விடுமுறைக்குப் புறப்படுமுன் பெட்ரோலும் காற்றும் பார்ப்பதோடு நில்லாமல், ஒரு டார்ச் விளக்கை எடுத்துச் சக்கரத்தின் உட்புறத்தையும் ஒருமுறை பாருங்கள். கால்மணி நேரத்திற்குமேல் ஆகாது.