விடுதிப் பள்ளிக் காதலை எழுத வரும் பிள்ளைகளுக்கு

இளையோருக்கான காதல் நாவல் எழுதிக் கைப்பிரதியோடு வரும் பிள்ளைகள் பலருக்கு வெளிநாட்டு விடுதிப் பள்ளிமேல் ஓர் ஆசை இருக்கிறது. நல்ல ஆசைதான். பெற்றோர் பக்கத்தில் இல்லாத 17 வயது, பழகாத ஊர், என்று முடியும் என்று தெரிந்த ஒரு கல்வியாண்டு. காதல் கதைக்கு இதைவிடப் பொருத்தமான களம் அமைவது அரிது. ஆனால் பள்ளியைப் படுதாவாகப் பின்னால் தொங்கவிட்டுக் காதலை முன்னால் நடிக்கவிட்டால் நாவல் தேறாது. பள்ளியே காதலை நடத்த வேண்டும். ஸ்டெஃபனி பெர்கின்ஸின் 'அன்னா அண்ட் தி ஃபிரெஞ்ச் கிஸ்' (2010) அதைச் செய்து காட்டிய நாவல். அதை வைத்தே பெரும்பாலும் பேசுகிறேன்.

1. யார் அனுப்பினார்கள், ஏன் அனுப்பினார்கள்? முதல் அத்தியாயத்துக்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். அன்னா அட்லாண்டாப் பெண். புகழ்பெற்ற நாவலாசிரியரான அவளுடைய அப்பா, அவளைக் கேட்காமலே கடைசி வருடப் படிப்புக்குப் பாரிஸிலுள்ள அமெரிக்கப் பள்ளியில் சேர்த்துவிடுகிறார். பாரிஸ் என்றால் துள்ளிக் குதித்திருப்பாள் என்றுதான் நாம் நினைப்போம். அவளுக்கோ தோழியையும் தம்பியையும் விட்டு வந்த ஆத்திரம். அவள் சந்திக்கும் எத்தியென் செயின்ட் கிளேரின் நிலையும் ஏறக்குறைய அதுதான். சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் அம்மாவுக்குப் புற்றுநோய். போய்ப் பார்க்க அப்பா விடுவதில்லை. இருவர் வாழ்க்கையையும் தகப்பன்மார் தீர்மானிக்கிறார்கள். அழகு அவர்களை நெருங்க வைத்தது உண்மை, சேர்த்து வைத்தது இந்த ஒற்றுமை.

2. சாப்பாட்டுக் கூடத்தில் தொடங்குங்கள். என் அறிவுரைகளில் இதைத்தான் அதிகம் வலியுறுத்துவேன். அன்னாவுக்கு பிரெஞ்சு தெரியாது. வேண்டியதைக் கேட்கத் தெரியாத கூச்சத்தில், வாய் திறக்காமல் எடுத்துக்கொள்ளக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறாள். பள்ளி வாசலைத் தாண்டி வெளியே போகவும் பயம். அந்தப் பயத்தைக் கவனித்து, அவமானப்படுத்தாமல் உதவுகிறவன் செயின்ட் கிளேர். அங்கே காதல் முளைப்பதை நாம் நம்புகிறோம். ஷார்லட் பிரான்டி 1853இல் வெளியிட்ட 'வில்லெட்' நாவலிலும் லூசி ஸ்னோ மொழி தெரியாத ஊரில்தான் வந்து இறங்குகிறாள். தன் நாட்டில் வாயாடியாக இருந்தவர் அயல்நாட்டில் ஊமையாகிவிடுவார். பசி, மருந்து, வழி என எல்லாவற்றுக்கும் இன்னொருவரை எதிர்பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் கதாபாத்திரத்துக்கு என்னென்ன கேட்கத் தெரியாது என்று ஒரு பட்டியல் போடுங்கள். பாதிக் காட்சிகள் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

3. சட்டதிட்டங்களைப் படியுங்கள். விளக்கு அணைக்கும் நேரம் எது, எதிர்பாலரின் அறைக்குள் போகலாமா, போனால் கதவு திறந்திருக்க வேண்டுமா, வார இறுதியில் யார் கையெழுத்துப் போட்டால் வெளியே விடுவார்கள்? பல பள்ளிகள் மாணவர் கையேட்டை இணையத்தில் வைத்திருக்கின்றன. பிரிட்டிஷ் பள்ளி என்றால் ஹவுஸ், மேட்ரன், மாலைப் படிப்பான பிரெப், வார இறுதி விடுப்பான எக்ஸியட் எல்லாம் வரும். பாரிஸில் நடக்கும் அமெரிக்கப் பள்ளியில் இவற்றைப் போட்டால் விவரம் தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். சுவிட்சர்லாந்தின் லே ரோசே பள்ளி, குளிர்காலத்தில் ரோல் வளாகத்திலிருந்து க்ஷ்டாடு மலைக்கு மொத்தமாக இடம் மாறுகிறது. ஒரு காதல் கதைக்கு அந்த இடமாற்றம் ஒன்றே போதும்!

4. ஊரை அளவோடு காட்டுங்கள். ஐஃபல் கோபுரத்தை எல்லோரும் எழுதிவிட்டார்கள். பெர்கின்ஸ் நோத்ர தாம் தேவாலயத்தின் முன்தளத்தில் பதித்த பாயின்ட் ஜீரோ தகட்டைத் தேர்ந்தெடுத்தார். பாரிஸிலிருந்து பிரான்சின் பிற ஊர்களுக்கான சாலைத் தூரத்தை அங்கிருந்துதான் அளக்கிறார்கள். வீட்டிலிருந்து வெகு தொலைவில் நிற்கும் பெண்ணை, தூரங்கள் தொடங்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார். அவளுக்கு சினிமா விமர்சகராக ஆசை என்பதால் பாரிஸின் திரையரங்குகளும் கதைக்குள் வருகின்றன. ஊரில் எதைக் காட்டுவது என்பதைக் கதாபாத்திரத்தின் மனம் சொல்லட்டும்.

5. கடிகாரத்தையும் காலண்டரையும் மேசையில் வையுங்கள். பாரிஸில் மாலை 6 மணி என்றால் அட்லாண்டாவில் பொதுவாக நண்பகல் 12. அம்மா வேலையிலிருந்து வரும்போது மகளுக்கு நள்ளிரவு. நவம்பரின் நான்காம் வியாழன் அமெரிக்கர்களின் நன்றியறிதல் நாள். பிரான்சில் அது வேலை நாள். அமெரிக்கப் பள்ளி அதற்கு விடும் விடுமுறையில் ஊருக்குப் போகாமல் விடுதியில் தங்கிவிடுகிறவர்களுக்கு நடுவே என்னவெல்லாம் நடக்கும் என்பதை பெர்கின்ஸ் நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறார்.

6. குறுக்கே நிற்பவரையும் மனுஷியாக எழுதுங்கள். செயின்ட் கிளேருக்கு ஏற்கெனவே எல்லி என்ற காதலி உண்டு. தனியாகிவிடுவோமோ என்ற பயத்தில் அவளை விடாமலே அன்னாவோடு நெருங்குகிறான். இளைஞர்கள் அப்படி நடப்பது உண்மை. அதை எழுதியதில் தவறில்லை. ஆனால் எல்லியின் வலிக்கு நாவலில் இடம் போதவில்லை. அதே பையனை விரும்பும் தோழி மெரிடித்துக்கு அந்த இடம் ஓரளவு கிடைத்திருக்கிறது. எல்லிக்கும் கொடுத்திருந்தால் நாவல் இன்னும் உயர்ந்திருக்கும் என்பது என் தீர்ப்பு.

7. ஆசிரியரைக் காதலனாக்காதீர்கள். ஷார்லட் பிரான்டி 1842இல் பிரஸ்ஸல்ஸில் ஒரு விடுதிப் பள்ளிக்குப் படிக்கப் போனார், பிறகு அங்கேயே ஆசிரியையானார். தலைமையாசிரியையின் கணவரும் தமக்குப் பாடம் சொன்னவருமான கான்ஸ்டன்டின் ஹெகர்மீது மனம் போயிற்று. இங்கிலாந்து திரும்பிய பின் ஷார்லட் அவருக்கு எழுதிய கடிதங்களில் நான்கு பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கிழித்தெறிந்து, பின்னர் ஒட்டியும் தைத்தும் சேர்த்தவை அவற்றில் உண்டு. படித்தால் நெஞ்சு கனக்கும். வளர்ந்த பெண்ணான அவருக்கே அந்தக் கதி. மதிப்பெண் போடுகிறவருக்கும் மாணவிக்கும் இடையில் அதிகாரம் நிற்கிறது. 15 வயதுப் பெண் வாசிக்கப்போகும் புத்தகத்தில் அதற்குக் காதல் என்று பெயர் சூட்டாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

8. முதல் பிரதியை வேகமாக முடியுங்கள், திருத்துவதற்கு அவசரப்படாதீர்கள். நவம்பர் ஒரே மாதத்தில் 50,000 சொற்கள் எழுதும் 'நானோரைமோ' முயற்சியில் உருவானதுதான் பெர்கின்ஸின் முதல் வரைவு. முடித்ததும் என்னைப் போன்ற பெரியவர்களிடம் கொண்டுவருமுன், 17 வயது வாசகர் ஒருவரிடம் கொடுங்கள். எந்தப் பக்கத்தில் சலித்தது என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பக்கங்களை மாற்றி எழுதிவிட்டு வாருங்கள். காத்திருக்கிறேன்.