கிணற்றுக்கு ஏற்ற பம்பு செட்

பம்பு செட் வாங்கும் விவசாயி பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போகிறார். அங்கே 5 குதிரைத் திறன் மோட்டார் ஓடினால் தமக்கும் அதுவே. கடன் கூடுதலாகக் கிடைத்தால் ஏழரை. பிறகு கிணறு சீக்கிரமே வற்றி, பம்பு காற்றை இழுத்து, பாதிப் பாத்தி நனையாமல் நிற்கும். மோட்டாரைப் பெரிதாக்கினால் ஊற்று பெருகாது.

ஆகவே முதலில் அளக்க வேண்டியது ஊற்றை. வாடகை ஆயில் என்ஜின் வைத்தாவது கிணற்றை நன்றாக இறைத்து நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரத்தில் நீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். 5 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் 30 சென்டிமீட்டர் ஏறினால், ஊறியது சுமார் 5,900 லிட்டர். இதை அப்படியே 24-ஆல் பெருக்கக் கூடாது. மட்டம் ஏற ஏற ஊற்று தளரும். நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் என்று கொள்வது பத்திரமானது. இந்தச் சோதனையைக் கோடையில் செய்ய வேண்டும். ஐப்பசி மழைக்குப் பின் அளந்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான்!

ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் ஆழம் நீர் பாய்ச்ச ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் தேவை. எனவே இந்தக் கிணறு ஒரு நாளில் அரை ஏக்கருக்குப் பாயும். வாரம் ஒரு தண்ணீர் கேட்கும் பயிரானால் 3 ஏக்கர் வரை தாங்கும்.

அடுத்தது உயரம். கிணறு நிறைந்திருக்கும்போது அளந்து ஏமாறுவோர் பலர். இறைத்து முடியும் நேரத்தில் நீர் இருக்கும் மட்டத்திலிருந்து, குழாய் வாய் வரை அளக்க வேண்டும். அது 12 மீட்டர் என்றால், குழாய் உராய்வு, வளைவு, அடிவால்வு ஆகியவற்றுக்காக 3 மீட்டர் சேர்த்து 15 எனக் கொள்ளலாம்.

விநாடிக்கு 7 லிட்டர் இறைக்க, 7-ஐ 15-ஆல் பெருக்கி 75-ஆல் வகுத்தால் 1.4 வரும். சிறிய பம்புகளில் பாதித் திறன் வீணாகிறது என்று வைத்து இதை இரட்டித்தால் 2.8. ஆக 3 குதிரைத் திறன் போதும். 4 மணி நேரத்தில் அந்த 1 லட்சம் லிட்டரும் வயலுக்கு வந்துவிடும். 5 குதிரைத் திறன் போட்டால் அதே நீர் இரண்டேகால் மணியில் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லாதவருக்கும் மோட்டார், குழாய், ஸ்டார்ட்டர் எல்லாம் காசுதானே.

மோட்டார் சரியாக இருந்தும் பம்பு தவறாகிவிடுவதுண்டு. 30 மீட்டர் உயரத்துக்கென்று செய்த மையவிலக்குப் பம்பை 15 மீட்டரில் ஓட்டினால் அளவுக்கு மீறி நீர் தள்ளும். மோட்டார் சூடேறிச் சுருள் கருகும். தகட்டில் உள்ள உயரம், நீரளவு இரண்டையும் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

உறிஞ்சும் உயரம் 6 மீட்டரைத் தாண்டலாகாது. மேற்சொன்ன கிணற்றில் மேட்டிலிருந்து 7 மீட்டர் கீழே மேடை அமைத்துப் பம்பை வைத்தால், நீர் தாழ்ந்தபோதும் 5 மீட்டர்தான் உறிஞ்ச வேண்டியிருக்கும். உறிஞ்சு குழாய் வெளிக்குழாயைவிட ஓர் அளவு பெரிதாக இருப்பது நல்லது. வெளிக்குழாயை ஆளுயரம் தூக்கி, தொட்டியில் அருவிபோல் விழவிடுவது கண்ணுக்கு அழகு. ஆனால் தூக்கிய ஒவ்வொரு மீட்டருக்கும் நீர் குறையும்.

பம்பைப் பொருத்திய அன்றே 200 லிட்டர் பீப்பாய் ஒன்றைக் குழாய் வாயில் வைத்துக் கடிகாரம் பார்க்க வேண்டும். 29 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 7 லிட்டர் வருகிறது. 40 விநாடி ஆனால், பணத்தை முழுவதும் கொடுக்குமுன் அடிவால்வையும் குழாய் இணைப்புகளில் காற்றுக் கசிவையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.