வண்ணத்தூளில் ஒரு முகம்

ஓவியக் கலையின் பிரிவுகளுள் மனித முகத்தைத் தீட்டுவதே கடினம் என்பர். மலையின் முகடு சற்றே விலகினால் மலை கோபித்துக்கொள்வதில்லை. மூக்கின் நுனி ஒரு நூலளவு விலகினால், எதிரே அமர்ந்திருக்கும் நண்பர் “இது யார்?” என்று கேட்டுவிடுகிறார். இக்கடினமான வேலையை எண்ணெய் வண்ணத்தாலோ நீர் வண்ணத்தாலோ செய்யாமல், பாஸ்டல் என்னும் வண்ணக்கோலால் செய்வதில் உள்ள இன்பம் யாது? இடர் யாது? மூன்று ஆண்டுகளாக விடுதி நண்பர்களின் முகங்களைத் தீட்டிப் பழகியவன் என்ற முறையில் சில கூற விரும்புகிறேன். இன்பமும் இடரும் ஒரே ஊற்றிலிருந்து பிறக்கின்றன என்பதே நான் கண்ட உண்மை.

பாஸ்டல் என்பது யாது?

நிறப்பொடியோடு வெண்சுண்ணத் தூளோ வெண்களிமண்ணோ சேர்த்து, மிகச் சிறிதளவு பிசின் கலந்து பிசைந்து, கோலாக உருட்டி உலர்த்தினால் பாஸ்டல் ஆகிறது. மெழுகும் எண்ணெயும் கலந்த எண்ணெய்ப் பாஸ்டல் வேறு. நான் கூறுவது பொடியாக உதிரும் மென்பாஸ்டலையே.

எண்ணெய் ஓவியத்தில் நிறப்பொடி எண்ணெய்க்குள் புதைந்து கிடக்கிறது. பாஸ்டலிலோ அது தாளின் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு வெறுமனே தங்கியிருக்கிறது. நம் வீட்டு வாசலில் இட்ட கோலத்தை நினைத்துப் பாருங்கள். மாவு தரையோடு ஒட்டுவதில்லை. அதனால்தான் அதற்கு அத்தனை வெண்மை. அதனால்தான் ஒரு காற்றுக்கும் அது தாங்குவதில்லை. பாஸ்டலும் அப்படியே. ஒளி நேரே பொடியின்மீது பட்டுச் சிதறுவதால் நிறம் பூத்தாற்போல் தோன்றுகிறது. அதே காரணத்தால் சட்டைக் கை உரசினாலும் ஒரு கன்னம் போய்விடுகிறது.

கற்றுக்கொடுத்த முன்னோர்

முகம் தீட்டுவதற்கு இக்கருவியைப் புகழ்பெறச் செய்தவர் வெனிஸ் நகரத்து ரோசால்பா காரியேரா (1673–1757) என்னும் பெண்மணி. 1720இல் பாரிசுக்குச் சென்ற அவர், அப்போது சிறுவனாக இருந்த மன்னன் பதினைந்தாம் லூயியைத் தீட்டினார். பிரெஞ்சு ஓவியக் கழகமும் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. அவருக்குப் பின் வந்த மோரிஸ் கன்டேன் டி லா தூர் (1704–1788), தாள்கள் பலவற்றை ஒட்டிச் சேர்த்த பெரும் பரப்பில் பொம்பதூர் சீமாட்டியின் உருவத்தைத் தீட்டி, 1755ஆம் ஆண்டுக் கண்காட்சியில் வைத்தார். இருநூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்தும் அவ்வோவியம் நின்று விளங்குகிறது. எண்ணெய் இல்லாமையால் பாஸ்டல் எண்ணெய் ஓவியம்போல் மஞ்சள் பூப்பதில்லை, வெடிப்பதுமில்லை.

ஷார்தேன் (1699–1779) என்னும் ஓவியர் முதுமையில் கண் மங்கிய பிறகே பாஸ்டலை நாடினார். 1771இல், எழுபதைக் கடந்த வயதில், மூக்குக் கண்ணாடியோடு தம் முகத்தைத் தாமே தீட்டிக்கொண்டார். நம் நாட்டிலும் இதற்கு வேர் உண்டு. அவனீந்திரநாத் தாகூர் (1871–1951) இந்திய மரபை நோக்கித் திரும்புமுன், கல்கத்தாவில் ஒலிந்தோ கிலார்டி என்னும் இத்தாலிய ஆசிரியரிடம் பாஸ்டல் பயின்றார்.

மாநிறம் என்னும் பாடம்

எனக்கு நேர்ந்த முதல் இடர் பெட்டியைத் திறந்தவுடனேயே நேர்ந்தது. முகத்திற்கென்று அதில் இருந்த கோல் இளஞ்சிவப்பு! அந்நிறத்தில் முகமுடையார் எங்கள் விடுதியில் ஒருவருமில்லை. இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் தன் மெழுகு வண்ணக்கோல் ஒன்றுக்குச் ‘சதை நிறம்’ என்று பெயரிட்டிருந்தது. 1962இல்தான் அதைப் ‘பீச் பழ நிறம்’ என்று மாற்றிக்கொண்டது. ஒரு சாராரின் தோலே தோல் என்று எண்ணிய காலத்தின் எச்சம் அது.

மாநிறம் என்று நாம் ஒரே சொல்லில் கூறிவிடுகிறோம். தீட்ட உட்கார்ந்தால்தான் அது ஒரு நிறமன்று, பல நிறங்களின் கூட்டம் என்பது தெரிகிறது. கன்னத்தில் செங்காவியும் மஞ்சட்காவியும் கலந்து கிடக்கின்றன. தாடையின் கீழே மங்கிய பச்சை ஒளிந்திருக்கிறது. உதட்டில் கத்தரிப்பூ நிறம் எட்டிப் பார்க்கிறது. கறுத்த நெற்றியின் மேட்டில் சன்னல் வழி வரும் வானம் நீலமாக மின்னுகிறது. வெளுத்த நெற்றியில் இந்த மின்னல் இத்தனை தெளிவாகத் தெரிவதில்லை. கண்ணின் வெண்மைகூட வெண்மையன்று, சாம்பல். பாஸ்டலைத் தட்டில் குழைக்க இயலாது. ஆதலால் இந்நிறங்களைக் கீற்றுக் கீற்றாக அருகருகே இழுத்து, ஆறடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். கலக்கும் வேலையைக் கண் செய்துவிடுகிறது. சிதறிக் கிடந்த கீற்றுகள் நண்பரின் கன்னமாகச் சேரும் அந்தக் கணத்திற்கு ஈடான இன்பம் எனக்கு வேறில்லை.

இன்னோர் இடர் பெட்டியில் இல்லை, மனத்தில் இருக்கிறது. இராமநாதபுரத்து நண்பர் ஒருவர் இரண்டு மணி நேரம் ஆடாமல் அமர்ந்தார். முடியும் தறுவாயில் எட்டிப் பார்த்து, “கொஞ்சம் வெளுப்பாப் போடுப்பா, வீட்டுக்கு அனுப்பணும்” என்றார். நான் மாற்றவில்லை. அவர் ஒருவாறு முகம் சுளித்தபடியே அனுப்பினார். பத்து நாளில் அவர் தாயாரிடமிருந்து மறுமொழி வந்தது: “எம்புள்ள அப்படியே உக்காந்திருக்கான்.” புகைப்பட நிலையங்கள் முகத்தை வெளுத்துக் கொடுப்பதற்குப் பழகிப்போன நாம், வெளுத்த முகத்தில் இழப்பது அந்த ‘அப்படியே’யைத்தான்.

பயில்வார்க்குச் சில குறிப்புகள்

வெள்ளைத் தாளைத் தவிர்த்து, பழுப்போ சாம்பலோ தோய்ந்த சொரசொரப்பான தாளைக் கொள்க. முகம் அதிலிருந்து தானே எழுந்து வரும். முதலில் கரித்துண்டால் பெரிய வடிவங்களை மட்டும் குறித்து, இருளை முன்னும் ஒளியைப் பின்னும் இடுக. கண்ணின் ஒளிப்புள்ளி கடைசி. விரலால் ஓயாமல் தேய்த்தால் நிறங்கள் சேறாகும். தாளின் சொரசொரப்பு நிரம்பிவிட்டால் மேலே ஒன்றும் ஏறாது. எங்கே நிறுத்துவது என்பதைத் தாளே சொல்லிவிடுகிறது. உதிர்ந்த தூளை வாயால் ஊதாமல், பலகையைச் சாய்த்துத் தட்டுக. சில நிறப்பொடிகள் மூச்சுக்குத் தீங்கானவை.

பொடி உதிராதிருக்க நிலைப்படுத்தும் திரவம் தெளிப்பதுண்டு. அளவு மிஞ்சினால் ஒளி கறுத்து, பாஸ்டலின் உயிரே போய்விடும். கண்ணாடிச் சட்டமிடுவதே நலம். கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடைவெளி விடுக. மே மாதத்துத் தில்லிப் புழுதிக் காற்றிலிருந்து என் படங்களைக் காத்தது அந்தக் கண்ணாடியே.

நண்பர்களே, ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து ஒரே கூரையின்கீழ் வாழ்கிறோம். படிப்பு முடிந்தால் ஆளுக்கொரு திசை. அதற்குள் ஒருவர் முகத்தை ஒருவர் இரண்டு மணி நேரம் உற்றுப் பார்க்கும் வாய்ப்பை இக்கலை தருகிறது. ஓவியர் ஆவதற்காக இல்லாவிடினும், பார்க்கக் கற்பதற்காகவேனும் ஒரு பெட்டி வாங்குங்கள். அந்த இளஞ்சிவப்புக் கோலை மட்டும் அந்திவானம் தீட்ட வைத்துக்கொள்ளுங்கள்.