பொறி எழுதிய நிரலைப் படித்தறிதல்

கணினியை இயக்கும் கட்டளைகளின் தொகுதியை நிரல் என்கிறோம். நாம் திரையில் காணும் படங்களையும் பொத்தான்களையும் அமைப்பது ஒருவகை நிரல். நாம் காணாத தொலைவில், சர்வர் என்னும் கணினியில் இருந்துகொண்டு, கேட்பவர்க்கு வேண்டிய செய்தியை எடுத்துக் கொடுப்பது மற்றொரு வகை. இதனைப் பின்புல நிரல் என்பர். கோயில் மண்டபத்தின் தூண்களைக் கண்டு வியப்போர் பலர். கருவூல அறையின் பூட்டைப் பார்த்து வருவோர் சிலரே. பின்புல நிரல் அப்பூட்டினைப் போன்றது.

இந்நாளில் இத்தகைய நிரலைச் செயற்கை நுண்ணறிவுப் பொறியே எழுதித் தருகின்றது. 2021 ஆம் ஆண்டில் கிட்ஹப் நிறுவனம் கோபைலட் என்னும் கருவியை அறிமுகம் செய்த பின்னர் இவ்வழக்கம் விரைந்து பரவியது. வேண்டியதைச் சொன்ன அளவில், வரிகள் ஒழுங்காக வந்து நிற்கின்றன. இயக்கிப் பார்த்தால் இயங்கவும் செய்கின்றன. இயங்குகிறது என்பது ஒன்றே போதுமா?

ஒரு மருத்துவமனையை எண்ணிப் பாருங்கள். குருதிச் சோதனை செய்துகொண்டவர் கைப்பேசியில் தம் சோதனை எண்ணை இட்டால், முடிவு தெரிய வேண்டும். பொறி இதற்கு நிரல் எழுதுகிறது: எண்ணைப் பெறுக, தரவுத்தளத்தில் தேடுக, கிடைத்ததை அனுப்புக. 4517 என்று இட்டவுடன் முடிவு வருகிறது. எல்லோரும் மகிழ்கின்றனர். ஆனால் அதே மனிதர் 4518 என்று இட்டால் என்ன ஆகும்? அடுத்தவருடைய நோய் அவர் கண்முன் விரியும்! கேட்டதைக் கொடுத்த நிரல், கேட்பவர் யார் என்று கேட்கவில்லை.

‘உள்ளே நுழையும்போதே கடவுச்சொல் கேட்டோமே!’ என்பர் சிலர். ஒருவர் வீட்டிற்குள் வரலாம் என்பது வேறு. அங்குள்ள பெட்டியையெல்லாம் திறக்கலாம் என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதே இப்பிழையின் வேர். வலைச் செயலிகளின் குறைகளைத் தொகுத்து வெளியிடும் ஓவாஸ்ப் என்னும் அமைப்பு, தன் 2021 ஆம் ஆண்டுப் பட்டியலில் இவ்வகைக் குறையையே முதலிடத்தில் வைத்தது. ‘இந்த எண் இவருக்கு உரியதா?’ என்னும் ஒரு சோதனை இதனைத் தீர்க்கும். அச்சோதனை சர்வரில் நிகழவேண்டும். திரையில் பொத்தானை மறைத்து வைப்பது காவலாகாது.

அதே நிரலில் மற்றொரு குறையும் இருக்கக்கூடும். பயனர் தட்டிய எழுத்துகளை அப்படியே தரவுத்தளக் கட்டளையோடு ஒட்டிவிடுவது அது. எண்ணை எழுதவேண்டிய இடத்தில் தீய நோக்கமுடைய ஒருவன் கட்டளையின் துண்டொன்றை எழுதிவிட்டால், பட்டியல் முழுவதும் அவன் கைக்குச் சென்றுவிடும். பிறருக்கு வந்த கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னால், அதில் ‘பெட்டியைத் திற’ என்றிருப்பதைத் தனக்கிட்ட ஆணையாகக் கொண்டு பெட்டியைத் திறந்துவிடும் வேலைக்காரனை இது ஒக்கும். கட்டளையின் வடிவத்தைத் தனியாகவும் பயனர் தந்த விவரத்தைத் தனியாகவும் அனுப்புவதே இதற்கு மருந்து.

இக்குறை 1998 இலேயே எழுத்தில் விளக்கப்பட்டுவிட்டது. இத்துணைப் பழைய பிழையைப் புதிய பொறி ஏன் செய்கின்றது? மனிதர் எழுதிய நிரல்களைப் படித்தே அது கற்றது. அவற்றுள் நல்லனவும் இருந்தன, தீயனவும் இருந்தன. 2021 இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர், பிழை நேரக்கூடிய 89 சூழல்களைக் கோபைலட்டுக்குக் கொடுத்து 1,689 நிரல்களைப் பெற்றனர். அவற்றுள் ஏறத்தாழ 40 விழுக்காடு பாதுகாப்புக் குறை உடையனவாக இருந்தன. பின்னர் வந்த கருவிகள் திறம் மிக்கவை என்பது உண்மையே. ஆயினும், 2022 இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் கண்டது இதனினும் கவலை தருவது. பொறியின் துணையோடு எழுதியவர்கள் பாதுகாப்புக் குறைந்த நிரலை எழுதினர்; அதனைப் பாதுகாப்பானது என்று நம்பியவர்களும் அவர்களுள்ளேயே மிகுதி.

காரணம் உண்டு. மனிதன் எழுதியதில், அவன் எங்கே தயங்கினான் என்பது வரியின் கோணலிலேயே தெரியும். பொறி எழுதியதில் சரியான வரியும் தவறான வரியும் ஒரே அழகுடன் விளங்கும். ஆகவே, வெளியிலிருந்து வரும் விவரம் எவ்வழியே நுழைந்து எங்கெங்கே செல்கின்றது என்று கைபிடித்தாற்போல் தொடர்ந்து படித்தல் வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த மைக்கேல் ஃபேகன், பலர் கூடி நிரலைப் படித்துப் பிழை காணும் முறையை 1976 இல் எழுதி வெளியிட்டார். அம்முறையின் பயன் இன்றும் குன்றவில்லை. இன்று படிப்போர்க்கு ஒரு புதிய வேலையும் சேர்ந்துள்ளது: உலகில் இல்லாத துணைத்தொகுப்பின் பெயரைப் பொறி சில வேளைகளில் கற்பித்துச் சொல்லும்; அப்பெயரிலேயே நச்சு நிரலை வெளியிட்டுக் காத்திருக்கத் துணிவாரும் உண்டு.

தீயோர் இல்லாவிடினும் துன்பம் வரும். ஒருவர் கேட்கும்போது ஓடிய நிரல், பதினாயிரம் பேர் ஒருங்கே கேட்டால் ஓடுமா? தரவுத்தளம் விடை தராவிட்டால் எத்துணை நேரம் காத்திருக்கும்? புதியது பழுதானால் பழையதற்கு மீளும் வழி யாது? அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்னும் பங்கு வணிக நிறுவனம் 2012 ஆகஸ்டு முதல் நாள் இதனை உணர்ந்தது. எட்டு சர்வர்களில் ஏழில் மட்டுமே புதிய நிரல் ஏற்றப்பட்டிருந்தது. எட்டாவதில் பல ஆண்டுகளாகப் பயன்படாதிருந்த பழைய நிரல் விழித்தெழுந்து, வேண்டாத பங்குகளை வாங்கியும் விற்றும் குவித்தது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பு! மனிதர் எழுதிய நிரல்தான் அது. எனினும், பொறி எழுதிய நிரலும் இத்தகைய சர்வர்களிலேயே ஏறவேண்டும்.

நிரலைச் சோதிக்கும் நிரலையும் பொறியே எழுதித் தரும். அங்கும் விழிப்பு வேண்டும். அது பெரும்பாலும் 4517 ஐக் கேட்டு, விடை வந்ததும் ‘சரி’ என்று எழுதிவிடும். படிப்பவர்தாம் இரண்டு போலிக் கணக்குகளைத் தொடங்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றின் எண்ணைக் கேட்டு, ‘உமக்கு உரிமை இல்லை’ என்னும் விடை வருகின்றதா என்று பார்த்தல் வேண்டும்.