ஒட்டும் புரதத்திற்குக் கருவினுள் என்ன வேலை?

கருவின் தொழில் யாது என்றால் “கலத்தின் தொழிற்பாடுகளைக் கட்டுப்படுத்தல்” என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். புள்ளியும் கிடைக்கும். ஆனால் கருவுக்குச் செய்தி கொண்டுபோவது யார்?

குடற்சுவரின் கலங்கள் ஒன்றையொன்று பிடித்திருப்பது கலமென்சவ்விலுள்ள கட்ஹீரின் என்னும் புரதத்தால். கல்சியம் அயன் இல்லாவிடில் இப்பிணைப்பு தளரும். கட்ஹீரினின் உட்புற முனையைப் பற்றியிருப்பது பீற்றா கற்றெனின். சீனன்குடா இறங்குதுறையில் கப்பற்கயிற்றைக் கட்டுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். இவருக்கு அலுவலகத்தினுள்ளும் வேலை உண்டு!

குழியவுருவில் மேலதிகமாக உள்ள கற்றெனினைக் கலம் வழமையாக அழித்துவிடும். வெளியிலிருந்து விண்ட் என்னும் சமிக்ஞைப் புரதம் வந்தால் அழிப்பு நிற்கும். அப்போது கற்றெனின் கருவினுட் சென்று, டீ.என்.ஏ.யில் உள்ள வேறொரு புரதத்துடன் சேர்ந்து, கலப்பிரிவுக்குரிய பரம்பரையலகுகளைத் தொழிற்படச் செய்யும். குடலின் உட்படை சில நாட்களுக்கொருமுறை புதுப்பிக்கப்பட இச்சமிக்ஞை அவசியம்.

அழிப்புக்கு உதவும் ஏ.பி.சி. புரதத்தின் பரம்பரையலகு விகாரமடைந்தால்? சமிக்ஞை இன்றியே கற்றெனின் கருவில் குவியும். கலங்கள் கட்டுப்பாடின்றிப் பிரியும். பெருங்குடற் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இவ்வாறே தொடங்குகின்றன.

(புரதங்களின் பெயர்களை மனனஞ் செய்யவேண்டாம், காரணத்தை விளங்கிக்கொள்ளுங்கள்.)

பயிற்சி: கல்சியம் அற்ற கரைசலில் இடப்பட்ட குடற்சுவர்க் கலங்களுக்கு யாது நிகழும்? காரணம் தருக.