நியூட்ரான் அடியும் மீக்கடத்தி நாடாவும்



மின்னோட்டத்துக்குச் சிறிதும் தடை தராத பொருளை மீக்கடத்தி என்கிறோம். 1911-இல் காமர்லிங் ஓன்ஸ் இப்பண்பைப் பாதரசத்தில் கண்டார். அதற்கு -269° செல்சியஸ் குளிர் தேவைப்பட்டது. 1987-இல் கண்டறியப்பட்ட இட்ரியம்-பேரியம்-காப்பர் ஆக்சைடோ -180° செல்சியஸ் அளவிலேயே மீக்கடத்தியாகிறது. இவ்வகைப் பொருளை உலோக நாடாமீது, தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய படலமாகப் படியவைத்துக் காந்தச் சுருள்கள் செய்கிறார்கள். அணுக்கரு இணைவு உலைகளுக்கு இக்காந்தங்கள் மிகவும் ஏற்றவை. ஆனால் அங்கே வேக நியூட்ரான்கள் நாடாவைத் தாக்குமே! நாடா உடனே கெட்டுவிடும் என்றுதானே நினைக்கிறீர்கள்? முதலில் நடப்பது இதற்கு நேர்மாறானது.

வலிமையான காந்தப்புலம் இப்பொருளுக்குள் மெல்லிய இழைகளாகப் புகுகிறது. ஒவ்வோர் இழையைச் சுற்றியும் மின்னோட்டம் சுழல்வதால் இவற்றைக் காந்தச் சுழல்கள் என்பர். நாடாவில் மின்னோட்டம் பாயும்போது ஒரு விசை இச்சுழல்களைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. மின்மோட்டாரில் கம்பிச்சுருளைத் திருப்பும் விசையும் இவ்வகையானதே. சுழல்கள் நகர்ந்தால் ஆற்றல் வெப்பமாக வீணாகும், மின்தடை தோன்றிவிடும். அவை நகராமல் நாடா தாங்கக்கூடிய மிகப் பெரிய மின்னோட்டமே மாறுநிலை மின்னோட்டம்.

இப்போது நியூட்ரான் வருகிறது. அது ஓர் அணுவை மோத, அந்த அணு அண்டை அணுக்களை மோதுகிறது. கேரம் காய்கள் சிதறுவதுபோல அணுக்கள் இடம்பெயர்ந்து, சில நானோமீட்டர் அகலமுள்ள சிதைவுகள் உண்டாகின்றன. சுழலின் மையமும் ஏறத்தாழ அந்த அகலமே! குழியில் விழுந்த கோலிக்குண்டுபோலச் சுழல் அங்கே சிக்கிக்கொள்கிறது. ஆகவே வலிமையான காந்தப்புலத்தில் மாறுநிலை மின்னோட்டம் கூடுகிறது.

எனினும் இதற்கு ஓர் எல்லை உண்டு. சிதைவுகள் பெருகினால் மின்னோட்டம் பாய நல்ல படிகப் பகுதி குறையும். மீக்கடத்தியாகும் வெப்பநிலையும் இறங்கும். சதுர மீட்டருக்கு 10²² என்ற அளவை ஒட்டி வேக நியூட்ரான்கள் பாய்ந்தபின் மாறுநிலை மின்னோட்டம் குறையத் தொடங்குவதைச் சோதனைகள் காட்டுகின்றன. சுழல்களைப் பிடிக்கவென்றே தயாரிப்பின்போது நுண்துகள்கள் பதித்த நாடாக்களில் இந்த இறக்கம் முன்னதாகவே தொடங்குகிறது. அங்கேதான் குழிகள் ஏற்கெனவே நிறைய உள்ளனவே!

ஆகையால் காந்தத்துக்கு முன்னே தடுப்புச் சுவர் வேண்டும். சுவர் மெலிந்தால் நாடாவின் ஆயுள் குறையும். தடித்தால் உலையின் அளவும் செலவும் பெருகும். எவ்வளவு தடிமன் போதும் என்பதை முடிவுசெய்ய இந்தச் சோதனைகளே வழிகாட்டுகின்றன.

சிந்தியுங்கள்: இவ்வளவு வலிமையான காந்தம், தன்னை நோக்கி வரும் நியூட்ரான்களைத் தானே வளைத்துத் திருப்பிவிட முடியாதா? ஏன்?